குடியிருப்புப் பூங்காவில் டிஸ்க் கோல்ஃப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவான்மியூரில் எங்கள் குடியிருப்பை ஒட்டியுள்ள பூங்காவில் ஆறு கூடைகளை வைத்து டிஸ்க் கோல்ஃப் ஆடிவருகிறோம். சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையைப் பார்த்ததும் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள். "தம்பி, இது கொடி படர்வதற்கா?" என்று ஓர் அம்மா கேட்டதில் தொடங்கி, இரண்டு வருடங்களாக வாயால் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் பகுதிப் பூங்காவில் இதைத் தொடங்க நினைத்தாலும் இவை உதவும்.

இது என்ன ஆட்டம்?

கோல்ஃபில் பந்தும் மட்டையும் இருக்கும். இதில் தட்டும் கையும்தான். தொடக்கக் கோட்டில் நின்று கூடையை நோக்கித் தட்டை வீசுகிறோம். அது விழுந்த இடத்துக்கு நடந்து போய், அங்கிருந்து மறுபடி வீசுகிறோம். தட்டு கூடைக்குள் தங்கியதும் எத்தனை வீச்சு ஆயிற்று என்று குறித்துக்கொண்டு அடுத்த கூடைக்குப் போகிறோம். எல்லாக் கூடைகளையும் சுற்றி முடிக்கும்போது யாருடைய மொத்தம் குறைவோ அவருக்கே வெற்றி.

டிஸ்க் என்பது அதன் பெயர். பூங்காவில் பெரியவர்கள் எல்லோரும் 'தட்டு' என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல் எனக்கும் பிடித்துப்போனதால் இங்கேயும் தட்டு என்றே எழுதுகிறேன்.

ஃபிரிஸ்பீயும் இதுவும் ஒன்றுதானா?

ஒரே குடும்பம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரிஸ்பி என்ற பேக்கரியின் தகரத் தட்டுகளை வீசி விளையாடிய பழக்கத்திலிருந்து அந்தப் பெயர் வந்தது. பிளாஸ்டிக்கில் பறக்கும் தட்டை வடிவமைத்தவர் ஃபிரெட் மாரிசன். 1957இல் அதை வாங்கிக்கொண்ட வாம்-ஓ நிறுவனம்தான் ஃபிரிஸ்பீ என்று பெயரிட்டது. அங்கே வேலை பார்த்த எட் ஹெட்ரிக் அதைச் சீராகப் பறக்கும்படி திருத்தினார். டிஸ்க் கோல்ஃபை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர ஆடுகளத்தை அமைத்தார். அதுவும் ஊர்மக்கள் வந்துபோகும் பொதுப் பூங்கா என்பதை நம் பக்கத்துக் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டங்களில் நான் தவறாமல் சொல்வேன். மறு ஆண்டு தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் மரமும் கம்பமும்தான் இலக்கு. பட்டதா, உரசிக்கொண்டு போனதா என்று வாக்குவாதம் வரும். சங்கிலி தொங்கும் கூடை அதை முடித்துவைத்தது. வருகிற வேகத்தைச் சங்கிலி வாங்கிக்கொள்ளும், தட்டு கீழே கூடையில் விழும், யாரும் வாதாட இடமில்லை. 1977இல் அந்தக் கூடைக்குக் காப்புரிமை பெற்றார். 2002இல் அவர் இறந்தபோது, அவருடைய சாம்பலைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். அவர் விரும்பியது அதுதான்.

பெசன்ட் நகர்க் கடற்கரையில் மாலையில் இரு அணிகளாகப் பிரிந்து தட்டை எறிந்து பிடித்து ஓடுகிறார்களே, அது அல்டிமேட். தட்டு 175 கிராம், அகலம் அதிகம். ஆட்டம் வேறு.

கோல்ஃப் என்றால் மன்றத்தில் உறுப்பினராக வேண்டுமே?

வேண்டியதில்லை. கட்டணம், உறுப்பினர் அட்டை, உடை விதி எதுவும் கிடையாது.

இந்தக் கையகலப் பூங்காவில் எப்படி ஆடுவீர்கள்?

வெளிநாட்டு ஆடுகளங்களில் ஒரு கூடைக்கும் அதன் தொடக்கக் கோட்டுக்கும் நடுவே 60 முதல் 120 மீட்டர் இருப்பது சாதாரணம். எங்களிடம் மிக நீளமானது 55 மீட்டர், மிகக் குட்டையானது 24 மீட்டர். ஆறு கூடைகளை மூன்று முறை சுற்றினால் 18 ஆகிவிடும். சுற்று ஒவ்வொன்றுக்கும் தொடக்கக் கோட்டை மாற்றிக்கொள்கிறோம், அதனால் ஒரே கூடை மூன்று விதமாகத் தெரியும்.

நீளம் இல்லாததைக் குறையாக நினைத்து வருகிறவர்களை நான்காம் கூடைக்கு அழைத்துப் போவேன். தூரம் வெறும் 31 மீட்டர். நடுவில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் கிளைகள் தலைக்கு மேலே இரண்டரை மீட்டரில் கூரைபோலப் படர்ந்திருக்கும். இடப்பக்கம் வர்தா புயலில் விழுந்த பெருங்கொன்றையின் அடிக்கட்டை. 2016 டிசம்பர் 12 அன்று நகரம் இழந்த மரங்களில் அதுவும் ஒன்று. கூரைக்குக் கீழே, கட்டைக்கு வலப்பக்கமாக, தட்டு தரையோடு தரையாகத் தாழ்ந்து போய்க் கடைசியில் மட்டும் இடப்பக்கம் மடிய வேண்டும். தோள் வலிமை அங்கே ஒன்றுக்கும் உதவாது. கல்லூரி மாணவர்கள் ஓங்கி வீசி ஐந்து எடுப்பார்கள். எழுபதைத் தாண்டிய எங்கள் ஓய்வுபெற்ற தபால்காரர் இரண்டு எடுப்பார். பரந்த புல்வெளியில் வீசுகிறவருக்குத் தன் வீச்சின் கோணல் தெரியாமலேயே போகும். எங்கள் பூங்காவில் அந்தக் கோணலை மரம் உடனே காட்டிவிடும். குட்டையான களமே நல்ல ஆசிரியர் என்று நான் மனதார நம்புகிறேன்.

நடக்கிறவர்கள் மேல் படாதா?

படலாம். அதனால்தான் இந்தக் கேள்விக்கு மற்ற எல்லாவற்றையும்விட நீளமாகப் பதில் சொல்கிறேன்.

தொடங்கிய முதல் மாதம். இரண்டாம் கூடைக்கு நான் வீசினேன். பாதை காலியாக இருக்கிறது என்று நினைத்தேன். புங்க மரத்துக்குப் பின்னாலிருந்து ஓர் அம்மா வந்துகொண்டிருந்தார். தட்டு அவர் முன்கையில் பட்டது. தோல் சிவந்து சற்று நேரத்தில் வீங்கிவிட்டது. ஐஸ் வாங்கிவந்து ஒற்றிக்கொடுத்தோம். "பரவாயில்லை தம்பி" என்றார். எனக்கு அது பரவாயில்லை என்று தோன்றவில்லை. முகத்தில் பட்டிருந்தால்? அவர் இடத்தில் தவழ்ந்து பழகும் ஒரு குழந்தை இருந்திருந்தால்?

அன்றே கூடைகளை எல்லாம் உள்ளே எடுத்துவைத்துவிட்டோம். மூன்று வாரம் ஆடவில்லை. பூங்காவின் வரைபடத்தைத் தாளில் போட்டு, நடைபாதையை முதலில் வரைந்து, எந்த வீச்சும் அதைக் குறுக்கே வெட்டாதபடி ஆறு கூடைகளையும் மாற்றி அமைத்தோம். கை தவறினால் தட்டு எந்தப் பக்கம் போகும் என்று ஒவ்வொரு கூடைக்கும் பார்த்தோம். வலக்கைக்காரர் வீச்சு இடப்பக்கம் மடியும். அதனால் இடப்பக்கம் பாதை இருக்கும் வழிகளைக் கைவிட்டோம். இரண்டு நல்ல கூடைகள் அதில் போயின. வருத்தமில்லை.

இப்போது வீசுகிறவர் ஒருவர், கூடைக்கு அருகில் பார்த்துச் சொல்கிறவர் ஒருவர் என்பது மாறாத வழக்கம். அவர் கையைத் தூக்கினால்தான் வீச்சு. மரமோ புதரோ மறைத்து எதிர்ப்பக்கம் தெரியவில்லை என்றால் வீசவே கூடாது. யாராவது பாதையைவிட்டுப் புல்லில் இறங்கி நடந்தால் நாம் காத்திருக்க வேண்டும். "கொஞ்சம் நில்லுங்கள் சார்" என்று அவரை நிறுத்தக் கூடாது. பூங்கா நடப்பவருக்கும் விளையாடும் பிள்ளைகளுக்கும் முதலில் சொந்தம், நமக்கு அடுத்துத்தான். ஆட்டத்தின் அதிகாரபூர்வ விதியும் இதையே சொல்கிறது: யாருக்கும் அடிபடாது என்று உறுதியாகத் தெரியும்வரை வீசக் கூடாது. தட்டு திசைமாறிப் போனால் வெட்கப்படாமல் உரக்க, "தட்டு! தட்டு!" என்று கத்துங்கள்.

எந்த நேரத்தில் ஆடுகிறீர்கள்?

சென்னையில் உடம்புக்கு இதமான நேரமும் பூங்கா நிரம்பியிருக்கும் நேரமும் ஒன்றே. காலை 5.30 முதல் 8 வரை நடைப்பயிற்சி, யோகா, சிரிப்புப் பயிற்சி. மாலை 5 மணிக்குமேல் குழந்தைகள். அந்த நேரங்களில் கூடைகளை வெளியே எடுப்பதே இல்லை. எட்டரைக்கு மேல் நடப்பவர்கள் வீடு திரும்பிவிடுவார்கள். எட்டரை முதல் பத்து வரைதான் எங்கள் நேரம். பல பூங்காக்களை நண்பகலில் பூட்டிவிடுகிறார்கள், வாயிலில் உள்ள பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மே மாதத்துக் கத்திரி வெயிலில் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்வோம். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை மூன்று சுற்றும் அலுக்காது.

என்ன தட்டு வாங்கலாம்?

ஒன்றே ஒன்று, அதுவும் பட்டர். கூடைக்கு அருகிலிருந்து போடுவதற்கான தட்டு அது. விளிம்பு தடித்து, உருண்டையாக, வேகம் குறைவாக இருக்கும். எங்கள் களம் முழுவதையும் அது ஒன்றாலேயே ஆடி முடிக்கலாம். அடுத்தது மிட்ரேஞ்ச், நடுத்தரத் தூரத்துக்கு. ஆறு மாதம் கழித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

டிரைவர் எனப்படும் தொலைதூரத் தட்டு வேண்டாம். 1983இல் டேவ் டனிபேஸ் என்பவர் விளிம்பைச் சரிவாகச் சீவிய தட்டைக் கொண்டுவந்தார். காற்றை அறுத்துக்கொண்டு வெகுதூரம் போகும் நவீன டிரைவர்கள் எல்லாம் அதன் வழிவந்தவை. பெரிய மைதானத்தில் அருமையான பொருள், பூங்காவில் ஆபத்து. சீவிய விளிம்புள்ள தட்டை எங்கள் களத்தில் யாரும் பையிலிருந்து எடுக்கக் கூடாது. இதில் விதிவிலக்கு கேட்கிறவர்கள் உண்டு. நாங்கள் தருவதில்லை.

தட்டின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருப்பார்கள்: வேகம், மிதப்பு, திருப்பம், இறுதிச் சாய்வு. கடையில் முதல் எண்ணை மட்டும் பாருங்கள். 2 அல்லது 3 என்றால் பட்டர், 4 அல்லது 5 என்றால் மிட்ரேஞ்ச், 9க்கு மேல் தொலைதூர டிரைவர். எடை 150 முதல் 175 கிராமுக்குள் கிடைக்கும். குழந்தைக்கு 150 போதும்.

நிறத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். மஞ்சள் வாங்காதீர்கள், கோடையில் பெருங்கொன்றைப் பூ தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கும்போது கண்ணுக்கே தெரியாது. சிவப்பும் சரியில்லை, நாட்டு வாதாம் மரம் இலையுதிர்க்கும் காலத்தில் கீழே கிடப்பதெல்லாம் சிவப்பு. பளிச்சென்ற ரோஸ் அல்லது நீலம் நல்லது.

எப்படி வீசுவது?

வலக்கைக்காரர் என்றால் வலத் தோள் கூடையைப் பார்க்கும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். தட்டை மார்புக்குக் குறுக்கே பின்னால் கொண்டுபோய், அதே கோட்டில் முன்னால் இழுங்கள். வட்டமாகச் சுழற்றிக் கொண்டுவந்தால் எங்கே விடுவது என்று கைக்குத் தெரியாது. கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுண்டிவிட வேண்டும். கொடியில் காயப்போடும் முன் ஈரத் துண்டை உதறுகிறோமே, அந்தச் சுண்டல்தான். தட்டு பறப்பது சுழற்சியால். கையின் முரட்டுப் பலத்தால் அல்ல.

புதியவர்கள் எல்லோரிடமும் நான் காணும் பிழை ஒன்று: தட்டின் மூக்கு, அதாவது முன்விளிம்பு, மேலே பார்த்தபடி கிளம்பும். உயரே ஏறும், காற்றில் நின்றுபோகும், பின்பு இடப்பக்கமாகச் சரிந்து பின்னுக்கே வந்து விழும். இதற்கு மருந்து, டம்ளரிலிருந்து டபராவில் காபி ஊற்றும்போது மணிக்கட்டு எப்படிச் சாய்கிறதோ அப்படிச் சாய்த்துப் பிடித்து விடுவது. இதைச் சொன்னதும் பாதிப் பேருக்கு அன்றே சரியாகிவிடுகிறது.

நேராகத்தான் வீசுகிறேன், கடைசியில் இடப்பக்கமே மடிகிறது. ஏன்?

பம்பரம் நினைவிருக்கிறதா? சுற்றுகிற பம்பரம் சாயும்போது அப்படியே விழுந்துவிடாது, சாய்ந்தபடி வட்டமிடும். சுழலும் பொருளை ஒரு பக்கம் தள்ளினால் அது அதற்குச் செங்குத்தான பக்கம் நகரும். தட்டும் அப்படியே. வேகம் குறையும்போது காற்று அதன் முன்பகுதியை மேலே தூக்கப் பார்க்கும். சுழற்சி இருப்பதால் மூக்கு தூக்குவதற்குப் பதில் தட்டு பக்கவாட்டில் சாயும். வலக்கைக்காரர் இப்படி வீசும்போது தட்டு மேலிருந்து பார்த்தால் கடிகார திசையில் சுழலும். ஆகவே சாய்வு இடப்பக்கம். இடக்கைக்காரருக்கு வலப்பக்கம்.

இது குற்றமல்ல, தட்டின் இயல்பு. அதை எதிர்த்து மல்லுக்கட்டாதீர்கள். இரண்டு மீட்டர் வலப்பக்கம் குறிவைத்து, மடிவதற்கு இடம் கொடுங்கள். நான்காம் கூடையில் அந்தத் தபால்காரர் செய்வது அதுதான்.

கடற்காற்று அடிக்கும்போது?

திருவான்மியூரில் இது அன்றாடக் கேள்வி. பகல் ஏற ஏற நிலம் சூடாகிக் காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும். ஜூன், ஜூலையில் காலையில் மேற்கே இருந்து அனல்காற்று. கடற்காற்று உள்ளே வரப் பிற்பகல் ஆகிவிடும்.

எதிர்க்காற்றில் தட்டுக்கு வேகம் கூடியது போலாகிவிடும்: மேலே தூக்கும், வலப்பக்கம் கவிழப் பார்க்கும். தாழ்வாக, வழக்கத்தைவிட மெதுவாக, வெளிவிளிம்பைச் சற்றே தரைப்பக்கம் சாய்த்து வீசுங்கள். பின்காற்றில் மிதப்பு குறையும், சீக்கிரம் இறங்கி இடப்பக்கம் கூடுதலாக மடியும். அப்போது கொஞ்சம் உயர்த்தி விடலாம். காற்று எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் ஒரு புல் இணுக்கைக் கிள்ளித் தோளுயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். தரையில் அசைவில்லாமல் இருக்கும்போது மர உச்சியில் காற்று ஓடலாம், அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடை பக்கத்தில் வந்தும் மூன்று நான்கு வீச்சு ஆகிவிடுகிறதே?

எல்லோருக்கும் எண்ணிக்கை கூடுவது அங்கேதான். 10 மீட்டருக்குள் வந்துவிட்டால் உடம்பைத் திருப்பி வீச வேண்டாம். கூடையைப் பார்த்து நின்று, எடையை முன்காலுக்கு மாற்றியபடி, விரல்களால் தள்ளிவிடுங்கள். கூடை முழுவதையும் பார்க்காமல் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியைப் பாருங்கள். விட்ட பிறகு கை அந்தக் கண்ணியை நோக்கி நீண்டபடி ஒரு நொடி நிற்கட்டும்.

வீட்டில் பழக, ஒரு பிளாஸ்டிக் துணிக்கூடையை முக்காலியின் மேல் வைத்து ஐந்து மீட்டரிலிருந்து தினமும் முப்பது முறை போடுங்கள். மொட்டைமாடியில் மட்டும் வேண்டாம், தட்டு கைப்பிடிச்சுவரைத் தாண்டித் தெருவில் விழும்.

விதிகள் நிறைய உண்டா?

ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். தட்டு நின்ற இடத்தில் ஒரு சிறு அடையாளத் தட்டை அதன் முன்னே வைக்கிறோம். அதற்குப் பின்னால் 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளமுள்ள இடத்தில் ஒரு கால் ஊன்றியிருக்க வேண்டும். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் என்றால் வீசிய பிறகு முன்னால் விழாமல் நிலைத்து நிற்க வேண்டும். கூடைக்கு அதிக தூரத்தில் இருப்பவர் முதலில் வீசுவார். ஒரு வீச்சுக்கு 30 நொடி. காணாமல் போன தட்டை மூன்று நிமிடம் தேடலாம். கிடைக்காவிட்டால் ஒரு வீச்சு கூட்டி, முன்பு வீசிய இடத்திலிருந்தே மறுபடி வீச வேண்டும்.

எல்லைக்கு வெளியே போனால் தண்டனையாக ஒரு வீச்சு. எங்கள் களத்தில் நடைபாதை, குழந்தைகள் மணல்குழி, பூச்செடிப் பாத்தி மூன்றும் எல்லைக்கு வெளியே என்று வைத்திருக்கிறோம். பாதைப்பக்கம் தட்டு போனாலே எண்ணிக்கை ஏறும் என்பதால் எல்லோரும் தாமாகவே விலகிக் குறிவைக்கிறார்கள். பலகை எழுதி மாட்டியதைவிட இது நன்றாக வேலைசெய்கிறது.

மரத்தில் மாட்டிக்கொண்டால்?

கல்லெறியாதீர்கள். இன்னொரு தட்டையும் எறியாதீர்கள், அதுவும் மேலேயே தங்கிவிடும். முருங்கைக்காய் பறிக்கும் துரட்டி ஒன்றைச் சங்க அறையில் வைத்திருக்கிறோம். எட்டாவிட்டால் விட்டுவிடுங்கள், நல்ல காற்றடிக்கும் நாளில் தானே இறங்கும். ஆட்டக் கணக்குக்கு, தட்டுக்கு நேர் கீழே தரையில் அடையாளம் வைத்துத் தொடரலாம்.

பக்கத்து வீட்டு மதிலுக்குள் விழுந்தால் ஏறிக் குதிக்கக் கூடாது. வாசலில் போய் மணியடித்து, "அம்மா, எங்கள் தட்டு உங்கள் தோட்டத்தில் விழுந்துவிட்டது" என்று கேளுங்கள். இதுவரை தர மறுத்தவர் யாருமில்லை.

நாய், காகம், எறும்பு?

ஆறாம் கூடையின் நிழலில் ஒரு நாய் படுத்திருக்கும். அது எழுந்து போகும்வரை ஆறாம் கூடையை விட்டு அடுத்த சுற்றைத் தொடங்கிவிடுவோம். எழுப்புவதில்லை. கோடையில் காகம் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அந்த மரத்தடியில் போகிறவர் தலையைக் கொத்தவரும். அப்போது ஐந்தாம் கூடையை மூடிவிடுகிறோம். சுள்ளெறும்புப் புற்றின் மேல் தட்டு விழுந்தால், கூடையிலிருந்து விலகி நேர் பின்னால் தள்ளி நின்று வீசலாம். தண்டனை இல்லை.

மழைக்காலத்தில்?

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தண்ணீர் தேங்கிய புல்லில் ஆடினால் ஒரே நாளில் அது சேறாகிவிடும், மீண்டும் முளைக்க மாதங்கள் ஆகும். நிலத்தில் கால் புதைந்தால் அன்று ஆட்டம் இல்லை. தூறலில் ஆடினால் இரண்டு பருத்தித் துண்டுகள் கொண்டுவாருங்கள், ஒன்று தட்டுக்கு, ஒன்று கைக்கு. ஈரத் தட்டு கையிலிருந்து வழுக்கிக் கண்ட பக்கம் போகும் என்பதால் பார்த்துச் சொல்கிறவர் இன்னும் தள்ளி நிற்க வேண்டும்.

கூடைகள் எங்கே வாங்கினீர்கள்?

வாங்கவில்லை, வெல்டிங் பட்டறையில் செய்தோம். நடுவில் இரும்புக் குழாய், மேலே ஒரு வளையம், அதிலிருந்து சங்கிலிகள், கீழே கம்பிக் கூடை. தரையிலிருந்து கூடை விளிம்பு சுமார் 82 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அடியில் கனமான இரும்புத் தட்டு. குழி தோண்டவில்லை, ஆட்டம் முடிந்ததும் தூக்கி உள்ளே வைத்துவிடுவோம்.

முதலில் சாதாரணச் சங்கிலி போட்டோம். உப்புக்காற்றில் நான்கே மாதத்தில் துருவேறித் தட்டுகளில் எல்லாம் பழுப்புக் கறை. துத்தநாகப் பூச்சுள்ள சங்கிலிக்கு மாறினோம். சங்கிலியை இரண்டு அடுக்காகத் தொங்கவிடுங்கள். ஓர் அடுக்கு என்றால் தட்டு ஊடே புகுந்து மறுபக்கம் விழுந்துவிடும். இன்னொன்று, சங்கிலியின் சத்தம். எனக்கு அதைவிட இனிய ஓசை இல்லை. முதல் கூடைக்கு எதிர்வீட்டில் இரவுப்பணி முடித்துக் காலையில் தூங்கும் ஒரு செவிலியர் இருக்கிறார். அவருக்காக அந்தக் கூடையை எதிர்மூலைக்கு மாற்றிவிட்டோம்.

அனுமதி வேண்டுமா?

வேண்டும். பூங்கா மாநகராட்சியுடையது என்றால் வார்டு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். குடியிருப்புக்குச் சொந்தமானது என்றால் நலச்சங்கக் கூட்டத்தில் வையுங்கள். வரைபடம், ஆடும் நேரம், எந்த வீச்சும் பாதையைக் கடக்காது என்ற உறுதி, குழி தோண்ட மாட்டோம் என்ற உறுதி, இவை நான்கும் ஒரே தாளில் இருக்கட்டும். அதற்கும் முன்னால் தோட்டக்காரரிடம் பேசுங்கள். எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எந்தக் கன்று புதிதாக நட்டது, எந்த நேரம் கூட்டம் என்று அவரைப்போல் அறிந்தவர் யாருமில்லை. எங்கள் மூன்றாம் கூடையின் இடம் அவர் காட்டியது.

மரங்களுக்குக் காயம் ஆகாதா?

பட்டரின் தடித்த விளிம்பு முற்றிய வேம்பையோ புங்கையையோ ஒன்றும் செய்யாது. இளங்கன்றுகளை அது முறித்துவிடும். எனவே கூண்டு போட்ட கன்றுகளிலிருந்து பத்து மீட்டருக்குள் எந்த வீச்சுக்கோடும் வராமல் பார்த்துக்கொள்கிறோம். ஒரு கிளைகூட ஆட்டத்துக்காக வெட்டக் கூடாது. கிளை தாழ்ந்தால் அந்தக் கூடை கடினமாகிறது, அவ்வளவுதான்.

பெரியவர்களும் குழந்தைகளும் ஆடலாமா?

எங்களில் மிக மூத்தவருக்கு 74, மிக இளையவளுக்கு 8. ஓட்டமில்லை, மோதலில்லை, நடப்பதும் குனிவதும்தான். முதுகுவலி இருப்பவர்கள் பேரப்பிள்ளைகளைத் தட்டு எடுத்துவரச் சொல்கிறார்கள். புடவையில் வந்து ஆடும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். முந்தானையைச் செருகிக்கொண்டால் கைக்கு எந்தத் தடையும் இல்லை என்கிறார்கள். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பெற்றோர் ஒருவர் உடனிருந்தால் மட்டும் சேர்க்கிறோம். பத்து நிமிடத்தில் சலிப்புத் தட்டி வீச்சுக்கோட்டில் ஓடிவந்துவிடுவார்கள்.

போட்டி நடத்துகிறீர்களா?

மாதம் ஒருமுறை மூன்று சுற்று. பரிசு கிடையாது. எல்லாக் கூடைக்கும் 'பார்' 3, அதாவது மூன்று வீச்சில் முடிப்பதுதான் இயல்பான கணக்கு.

நாளைக்கே வரலாமா? என்ன கொண்டுவர வேண்டும்?

வாருங்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி, துண்டு. காலில் ஷூ, ரப்பர் செருப்பு ஈரப் புல்லில் வழுக்கும். தட்டு இல்லாவிட்டால் சங்க அறையில் நான்கு இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். எட்டரைக்குக் கிழக்கு வாயிலில் கூடைகளைத் தூக்கிக்கொண்டிருப்போம். ஒன்றுக்கு இரண்டு ஆள் வேண்டும், நீங்களும் ஒரு கை பிடியுங்கள். முதல் நாள் எண்ணிக்கை எழுத வேண்டாம். முதல் சுற்று முழுவதும் கூடைப்பக்கம் நின்று பார்த்துச் சொல்லுங்கள். அதன்பின் உங்கள் முறை.